கோடை விடுமுறையில் அந்த ஏழு வீட்டுக்கு யார் தண்ணீர் எடுப்பார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலக்கோடு வட்டத்தில் ஒரு சிறிய ஊரிலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவுக்குச் சனிக்கிழமைதோறும் வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்தும் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளி ஒன்று உண்டு. அங்கே ஒன்பதாவதும் பதினொன்றாவதும் படிக்கும் பிள்ளைகள் போன வருடத்திலிருந்து வருகிறார்கள். துணையில்லாமல் இருக்கும் வயதானவர்கள் வீடு ஏழு. வீட்டுக்கு இரண்டு பேர். போன வாரம் எந்த வீட்டுக்குப் போனார்களோ, இந்த வாரமும் அதே வீடுதான், மாற்றக் கூடாது. தெருமுனைக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றுவார்கள். மாத்திரை அட்டையைப் பார்த்து எது காலையில், எது ராத்திரி என்று பிரித்து வைப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள்.

தண்ணீர் எடுத்து ஊற்றுவதெல்லாம் ஒரு சேவையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். ஒரு லிட்டர் குடிநீரில் புளோரைடு என்ற உப்பு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் பலவற்றில் அதற்கு மேல்தான். அங்கன்வாடிக்கு வரும் குழந்தைகளுக்குப் பால் பல் பளிச்சென்று இருக்கும். அது விழுந்து ஆறு ஏழு வயதில் புதுப் பல் முளைக்கும்போதுதான் பழுப்புக் கறை தெரியும். என்னிடம் பாட்டுப் பாடிய பிள்ளைகள் பெரிய பள்ளிக்குப் போய் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வருடக்கணக்கில் அதையே குடித்தால் எலும்பில் இறங்கி, மூட்டும் முதுகும் இறுகிப்போகும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் குழாய் வரை நடந்து குடம் தூக்க முடிந்தவர்களுக்குத்தானே அந்தத் தண்ணீர்?

கடைசி வீட்டு ஆயாவால் முடியாது. முதுகு வளைந்துவிட்டது, கீழே உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். வாசலை ஒட்டிய கைப்பம்புத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார். அதையும் தவறாமல் காய்ச்சிக் குடிப்பார். முதல் மாதமே அங்கே போன பெண் இதைக் கவனித்துவிட்டாள். "காய்ச்சினா கிருமிதான் சாகும் ஆயா. இந்த உப்பு போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாத்தான் ஆகும்" என்றாள். நான் திண்ணையில் இருந்தேன். காய்ச்சிக் குடியுங்கள் என்று எத்தனை தாய்மார்களுக்குச் சொல்லியிருக்கிறேன்! இந்த விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்தப் பெண்ணோடு வரும் பையனுக்கும் பல்லில் கறை. பேசும்போது கை தானாக வாய்க்குப் போகும். ஒருநாள் ஆயா அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "எதுக்குடா மறைக்கிற, இங்க பாரு" என்று தன் வாயைத் திறந்து காட்டினார். மிச்சமிருந்த நாலைந்து பல்லும் அதே நிறம். இப்போது அந்த வீட்டுக்குள் மட்டும் அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான்.

மதம் மாற்ற வருகிறார்களோ என்று ஊரில் ஒன்றிரண்டு பேர் பேசினார்கள். நான் கிறிஸ்தவள் இல்லை. சரி, கேட்டுவிடலாம் என்று சிஸ்டரிடமே கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வருகிற பதினான்கு பேரில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள் என்றார். பிறகு ஒரு பழைய சங்கதி சொன்னார். 1833-இல் பாரீஸில் பிரெடரிக் ஓசானாம் என்று ஒரு மாணவர், வயது இருபது. உங்கள் கத்தோலிக்கத் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒரு விவாதத்தில் கேட்டுவிட்டார்களாம். அவர் வாயால் பதில் சொன்னதோடு நிற்காமல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் வீடு தேடிப் போக ஆரம்பித்தார். பல ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் இருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை அப்படிப் பிறந்ததுதான். தாகமாக இருந்தவனுக்கு நீங்கள் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்று இயேசு சொன்னதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் நடத்துகிறோம், நடத்தியதைச் செய்து பார்க்க வேண்டாமா என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. போன தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், நாற்பது நாள் தின்பண்டக் காசை மிச்சம் பிடித்து, அடியில் குழாய் வைத்த தண்ணீர் கேன் ஏழு வாங்கி வந்தார்கள். ஆயா இப்போது குனியாமல் நின்றபடியே டம்ளரில் பிடித்துக் குடிக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சில வருடத்துக்கு முன் வேறொரு அமைப்பினர் வேனில் வந்து, பேனர் கட்டி, இதே ஆயாவை நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வை கொடுத்தார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்று திரும்ப வாங்கி, இன்னொரு தடவை கொடுத்தார்கள். அப்புறம் அவர்களை யாரும் பார்க்கவில்லை. போர்வை நல்ல போர்வைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் கொடுத்தவருக்கு ஆயாவின் பெயர் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கு அவருக்கு எந்த முட்டி வலிக்கும் என்பது வரை தெரியும்.

இனி என் வேண்டுகோள். மார்ச், ஏப்ரலில் பரீட்சை, ஏப்ரல் கடைசி தொட்டு மே முழுக்க விடுமுறை. குழாயில் தண்ணீர் குறைவதும் அந்த மாதங்களில்தான். இந்த வருடம் பிள்ளைகள் வராத வாரங்களில் ஏழில் மூன்று வீடு திரும்பவும் கைப்பம்புக்கே போய்விட்டது. மற்ற நாலு வீட்டுக்கு என்னாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணாலும் முடிந்ததைச் செய்தோம். எனக்கும் முட்டி வலி, குடம் தூக்கினால் இரண்டு நாள் படுக்கை. எங்கள் ஊரிலிருந்தே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். விடுமுறைக்கு என்று அவர்களில் நாலு பேரைச் சிஸ்டர் இப்போதே பிரித்து வைக்க வேண்டும். பெற்றோரும் ஒரு மணி நேரம் அனுப்ப வேண்டும். எங்கள் தெருவின் மேல்கோடியில் இன்னொரு குழாய் போட்டால் பிள்ளைகளின் பாதி நடை குறையும், அதை ஊராட்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எதுவானாலும், பக்கத்தில் இப்படித் துணையில்லாத வீடுகள் இருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வீடு என்று எழுதிக் கொடுங்கள். வீட்டை மட்டும் மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.