காலரைத் திருப்பிப் பார்க்கும் விளையாட்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு அட்டவணை தனியாக வரும். இந்தக் கடிதம் துணி பற்றியது. திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கே துணியைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று எல்லோரும் கலர் டிரெஸ்ஸில் வரலாம் என்று சொல்லியிருந்தோம். அன்று காலை ஒன்பதாம் வகுப்பில் ஒரு விளையாட்டு நடந்திருக்கிறது. உள்ளே வருகிற ஒவ்வொரு பையனின் காலரையும் இரண்டு பேர் திருப்பி, லேபிளில் இருக்கும் பெயரை உரக்கப் படித்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிப் பெயர் என்றால் கைதட்டல். இல்லையென்றால், நம் ஊரில் மலிவு விலைத் துணி விற்கிற கடைவீதியின் பெயரைச் சொல்லி, 'காதர்பேட்டை, காதர்பேட்டை' என்று கூச்சல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேர் வகுப்பில் இல்லை.

அந்த மூவரில் ஒருவனை மறுநாள் அழைத்துப் பேசினேன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அவன் போட்டிருந்த நீல டீ-ஷர்ட்டின் கழுத்தில் ஒரு வெளிநாட்டு லேபிள் இருந்தது. ஆனால் நான்கு மூலையிலும் கறுப்பு நூலால், கையால், கோணலாகத் தைத்திருந்தது. ஒரு மூலை பிரிந்து தொங்கியதில்தான் மாட்டிக்கொண்டான். அவன் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் குறை பார்த்துத் தள்ளுகிற வேலையில், இருக்கிறார். அவருடைய டிபன் பையின் அடியில் பிசிறோடு பிசிறாக ஒட்டிக்கொண்டு வந்த லேபிளாம். "நானே தச்சேன் மிஸ், அம்மாவுக்குத் தெரியாது" என்றான். லேபிளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற இடத்தில் இது அந்த அம்மாவை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். துணியை வெட்டுவதும், ஓவர்லாக் அடிப்பதும், பிசிறு வெட்டுவதும், அயர்ன் செய்து பெட்டியில் அடுக்குவதும் இந்த வகுப்புப் பிள்ளைகளின் அம்மா அப்பாதான். அதற்கெல்லாம் யாரும் கைதட்டவில்லை. கழுத்தில் ஏறுகிற இரண்டு விரல் அகலத் துண்டுக்குக் கைதட்டுகிறார்கள்.

இதில் என் பங்கும் உண்டு. போன வருடம் காலை வழிபாட்டில் ஒரு பையனை மேடைக்கு அழைத்து, "எவ்வளவு ஸ்மார்ட்டாக வந்திருக்கிறான் பாருங்கள்" என்றேன். சட்டையின் நெஞ்சில் பெரிய சின்னம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பிள்ளைகள் கவனித்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் போய் இதைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். பாரிஸில் 1858-இல் கடை திறந்த சார்ல்ஸ் பிரெடெரிக் வொர்த் என்ற தையல்காரர், ஓவியர் படத்தில் கையெழுத்துப் போடுவதுபோலத் தான் தைத்த உடையில் தன் பெயர்ப் பட்டையை வைத்தார். அது உள்பக்கம் இருந்தது, உடுத்துகிறவருக்குத்தான் தெரியும். 1933-இல் ரெனே லகோஸ்ட் என்ற டென்னிஸ் வீரர் தொடங்கிய கம்பெனி, அவருடைய பட்டப்பெயரான முதலையைச் சட்டையின் நெஞ்சிலேயே வைத்தது. தைத்தவனின் பெயர் அப்படித்தான் மெல்ல வெளியே வந்து, போட்டிருப்பவனின் அடையாளம் மாதிரி ஆகிவிட்டது என்றேன். "அப்ப நம்ம பேரைப் போட்டுக்கலாமா மிஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். நல்ல கேள்வி. போட்டுக்கொள்ளலாம் என்றேன்.

பெயர் பெற்ற கம்பெனித் துணி எல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒரு சின்னப் புள்ளிக்காக எத்தனை பீஸைத் தள்ளுகிறார்கள் என்று செக்கிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதினான்கு வயதில் நல்ல துணிக்கு ஆசைப்படுவதும் தப்பில்லை. ஆனால் ஒரு அப்பா பையனுக்குத் தவணையில் ஷூ வாங்கித் தந்துவிட்டு, கடைசித் தவணைக்கு முன்பே அது கடித்ததால் புதுசு கேட்கிறான் என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டார். சட்டைக்காகவோ ஷூவுக்காகவோ தயவுசெய்து கடன் வாங்காதீர்கள். போனஸ் பணத்தில் வேறு ஆயிரம் செலவு இருக்கிறது.

எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசு வருடத்துக்கு நான்கு செட் சீருடை தருகிறது. சீருடை போட்டிருக்கும் நாட்களில் இந்தத் தொல்லை கிடையாது. கலர் டிரெஸ்ஸையே நிறுத்திவிடலாம் என்று சில ஆசிரியர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். ஆண்டு விழாவுக்கும் கலர் டிரெஸ் உண்டு. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். தீபாவளிக்கு எடுத்ததோ, அண்ணன் போட்டதோ போதும். காலரைத் திருப்பிப் பார்த்தால் பார்த்தவரின் வீட்டுக்குப் போன் வரும்.

அப்புறம் ஒரு உதவி. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் பாடம் எடுக்க வேண்டும். துணியைக் கையில் எடுத்ததும் நல்லதா மட்டமா என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள், நான் பார்த்திருக்கிறேன். தோள் தையலை இழுத்தால் பல் இளிக்கிறதா, இரண்டு துவைப்புக்குப் பிறகு பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்கிறதா, கழுத்துப் பட்டி தொளதொளக்கிறதா, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற கணக்கு) துணிக்கும் 140-க்கும் கைக்கு என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். அன்று ஷிப்டு இருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் ஞாயிறுக்கு மாற்றிக்கொள்கிறோம்.

வரும்போது வீட்டில் பல முறை துவைத்த பழைய பனியன் ஒன்று எடுத்து வாருங்கள். லேபிளை மட்டும் வெட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்