டேமேஜை மட்டும் வைத்துக் கப்பல்களுக்குத் தரம் போடாதீர்கள்

வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் என்ற இணையக் கடற்போர் விளையாட்டில் எந்தக் கப்பல் மேல், எது கீழ் என்று பட்டியல் போடும் சக கேப்டன்களுக்கு,

வணக்கம். புதிதாக ஆட வருகிறவர்கள் உங்கள் பட்டியலை நம்பித்தான் எந்தக் கப்பலுக்காக உழைப்பது என்று முடிவு செய்கிறார்கள். சராசரி டேமேஜை (எதிரிக் கப்பல்களுக்கு ஏற்படுத்தும் சேதத்தை) அளவுகோலாக்கி யமாட்டோ என்ற பெரிய போர்க்கப்பலை உச்சியிலும் ஷிமாகசே என்ற டெஸ்ட்ராயரை (சிறிய, வேகமான டார்பிடோக் கப்பலை) அடியிலும் வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

கணக்கையே பாருங்கள். யமாட்டோவின் ஹெச்பி, அதாவது மூழ்கும்வரை அது தாங்கும் டேமேஜ், சுமார் 97,000. ஷிமாகசேக்குச் சுமார் 18,000. ஐந்து ஷிமாகசேயை மூழ்கடித்தாலும் 90,000தான், ஒரு யமாட்டோவுக்கு ஈடாகாது. ஆனால் டெஸ்ட்ராயர் அத்தனையும் போன அணியின் கதி உங்களுக்கே தெரியும்: கேப் (கைப்பற்ற வேண்டிய கடற்பகுதி) எடுக்க ஆளில்லை, எதிரியைக் கண்டுபிடித்து அணிக்குக் காட்ட, அதாவது ஸ்பாட் பண்ண, ஆளில்லை. எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கொடுக்கும்போது ஆட்டமே எதிரிக் கப்பலின் ஹெச்பியில் எத்தனை சதவீதம் எடுத்தோம் என்றுதானே பார்க்கிறது?

யமாட்டோ பலசாலிதான். குண்டின் விட்டத்தை 14.3ஆல் வகுத்து வரும் எண்ணைவிடத் தகடு மெலிதாக இருந்தால் குண்டு தெறிக்காது என்பது ஆட்டத்தின் விதி. யமாட்டோவின் 460 மி.மீ. குண்டுக்கு அது 32க்குச் சற்று மேலே வரும். அதனால் மூக்கைக் காட்டி நிற்கும் அயோவா என்ற போர்க்கப்பலின் 32 மி.மீ. முன்பக்கத் தகட்டை அது எந்தக் கோணத்திலும் துளைக்கும். அயோவாவின் 406 மி.மீ. குண்டோ அதே கனமுள்ள தகட்டில் சாய்வாகப் பட்டால் தெறித்துவிடும். ஆனால் இந்தப் பலமெல்லாம் எதிரி கண்ணில் பட்டால்தானே? பதுங்கி வரும் ஷிமாகசே ஆறு கிலோமீட்டருக்குள் வரும்வரை யமாட்டோவுக்குத் தெரியாது. அதற்குள் 15 டார்பிடோக்கள் தண்ணீரில் இருக்கும். பக்கவாட்டைக் காட்டித் திரும்பி ஓடலாம் என்றால் சிட்டாடல் (இயந்திரமும் வெடிமருந்தும் இருக்கும் உட்பகுதி) திறந்து கிடக்கும்.

ஷிமாகசேக்கும் எமன் உண்டு. தீவுக்குப் பின்னால் நிற்கும் டி மாய்ன் என்ற க்ரூசர் கப்பல் ரேடாரைப் போட்டால் சுமார் 10 கி.மீ.க்குள் ஒளிய இடமே கிடையாது. டார்பிடோத் தேர்வும் முக்கியம். 20 கி.மீ. டார்பிடோவைக் கண்காணாத தூரத்திலிருந்து விட்டுவிட்டு “வேஸ்ட் கப்பல்” என்று எழுதுகிறவர்கள், 12 கி.மீ. டார்பிடோவோடு கேப்புக்குப் பக்கத்தில் ஆடிப் பார்த்த பிறகு தரம் போடட்டும்.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று விஷயங்களைச் சேருங்கள்: எந்தத் தூரத்தில் அதற்குப் பலம், எந்தக் கப்பலைக் கண்டால் ஒதுங்க வேண்டும், கேப்பில் அதன் வேலை என்ன. டேமேஜ் எண்ணை அதற்குப் பிறகு போடுங்கள்.

இப்படிக்கு,
டெஸ்ட்ராயர் ஓட்டும் ஒரு கேப்டன்