சில்க்கி வாங்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள மக்கா,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம். முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு முட்டுவலி குறைந்தபாடில்லை, ஆனாலும் விளைக்குள், தோட்டத்தில், ஒரு சுற்று நடக்காமல் காப்பி குடிக்க மாட்டாள். மழை விட்டுவிட்டுப் பெய்வதால் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. நம்மோடு கடைசி பெஞ்சில் இருந்தவன் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், மார்த்தாண்டத்தில் வைத்து. அதற்குள் நீ வந்துவிடுவாய் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, கோழிக்கு வருவோம். ஊருக்கே திரும்பி வந்து திருவட்டாறு வீட்டில் சில்க்கி என்ற அந்தப் பட்டு ரோமக் கோழியை வளர்க்கலாம், குஞ்சு பொரிக்க இன்குபேட்டர் ஒன்று வாங்கலாம் என்கிறாய். கோழியை வாங்கு, இன்குபேட்டரை விட்டுவிடு. சில்க்கி வைத்திருப்பவனுக்கு இன்குபேட்டர் எதற்கு?

முட்டைக்கென்று சில்க்கி வளர்ப்பவன் நஷ்டப்படுவான். வருஷத்துக்கு நூறு, நூற்றிருபது முட்டை கிடைத்தால் அதிகம், அதுவும் சின்ன முட்டை. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுவதுதான் காரணம். அந்தப் பிடிவாதம்தான் அதன் மதிப்பு. முட்டையை எடுத்துவிட்டாலும் எழுந்திருக்காது. இங்கே ஒருத்தி, தென்னையிலிருந்து விழுந்த குரும்பையை வயிற்றுக்கடியில் உருட்டி வைத்துக்கொண்டு யாரையும் பக்கத்தில் விடாமல் இருந்தாள். நாட்டுக்கோழி முட்டையா, வாத்து முட்டையா, கின்னிக்கோழி முட்டையா என்ற கேள்வியே இவற்றுக்குக் கிடையாது. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள், அதுவரை அலுக்காமல் இருக்கும். உடம்பு சின்னது என்பது ஒன்றுதான் குறை. நாட்டு முட்டை ஆறேழுக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைகளுக்குச் சூடு போதாது.

இன்குபேட்டரில் இதே வேலைக்கு எவ்வளவு பாடு பார். வெப்பம் 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். ஈரப்பதம் முதல் 18 நாள் 50, 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65-க்கு மேல். முட்டையைத் தினமும் பல தடவை திருப்ப வேண்டும், 18-ம் நாளோடு நிறுத்த வேண்டும். நம் ஊரில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் காற்றே தண்ணீராகத்தான் இருக்கிறது. விளக்கப் புத்தகத்தில் போட்டிருக்கிறதே என்று தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறாது. உள்ளே காற்றறை சின்னதாகவே இருந்துவிடும், முழுசாக வளர்ந்த குஞ்சு மூச்சுக்கு இடமில்லாமல் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். கரண்ட் கதை தனி. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது மரமும் போஸ்ட்டும் விழுந்து இந்தப் பக்கமெல்லாம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று வீட்டில் கேட்டுப்பார். அவ்வளவு பெரிய புயல் வேண்டாம், ஒரு சாயங்கால இடிமழை போதும். நாலைந்து நூறு முட்டை வைத்து வியாபாரம் செய்கிறவனுக்கு இன்வெர்ட்டரோடு சேர்த்து மெஷின் வேண்டும்தான். உனக்கு வேண்டாம்.

இடி என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா இன்றைக்கும் அடைக்கூடையில் ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் வைக்காமல் விட மாட்டாள், இடிச் சத்தத்துக்கு முட்டை கூமுட்டையாகிவிடுமாம். நான் வாதாடுவதில்லை, ஆணியால் யாருக்கும் கெடுதல் இல்லை. அடையைக் கலைக்க மூக்கில் தூவலை, அதாவது இறகை, குத்திவிடும் பழைய வழியைத்தான் நான் அனுமதிப்பதில்லை. சில்க்கியிடம் குத்துவதற்கு உருப்படியான தூவலும் கிடையாது என்பது வேறு விஷயம்! அடை கலைய வேண்டுமென்றால் அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், கீழே காற்றோட்டம் இருக்கும்படி சில நாள் விடு. தீனியும் தண்ணீரும் வழக்கம்போல. வயிற்றுச் சூடு தணிந்ததும் அதுவே இறங்கிவரும்.

அடை வைக்கும் முறை உனக்குப் பாதி தெரியும், உன் பாட்டி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தானே. சில்க்கிக்கு மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியவை சில. உட்கார வைக்கும் முன் தூவலை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார். மூன்று வாரம் மண்ணில் புரளாமல் இருக்கப்போகிற கோழி, பேன் இருந்தால் அரிப்பு தாங்காமல் பாதியில் எழுந்துவிடும். முட்டையைக் கழுவாதே, ஃபிரிட்ஜில் வைக்காதே, கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து ஒரு வாரத்துக்குள் அடையில் போடு. இருட்டிய பிறகு வைத்தால் கோழி முரண்டு பிடிக்காது. வைக்கும் முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடு, ஏனென்றால் மற்ற பெட்டைகளும் அதே கூடையில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும், பிறகு எது முந்தியது எது பிந்தியது என்று தெரியாமல் திண்டாடுவாய். ஏழாம் நாள் ராத்திரி மொபைல் டார்ச்சை முட்டைக்கடியில் பிடித்துப் பார். சிலந்தி வலைமாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது, வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் எடுத்துவிடு.

சில்க்கி சில நேரம் தீனிக்குக்கூட எழுந்திருக்காது. தினமும் ஒரு தடவை நீயே தூக்கிக் கீழே விட வேண்டும். தூக்கும்போது இறக்கைக்கடியில் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தட்டிவிட்டுத் தூக்கு. 20-ம் நாள் சாயங்காலத்திலிருந்து கூடைப் பக்கம் போகாதே. ஓட்டில் ஓட்டை விழுந்து ஒரு நாள் வரைகூட குஞ்சு உள்ளேயே இருக்கலாம். உதவி செய்கிறேன் என்று ஓட்டை உரித்தால் இரத்தம் வரும். வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருப்பதால் இரண்டு நாள் தீனி இல்லாமலும் தாங்கும், அவசரப்படாதே. தண்ணீர்த் தட்டில் மட்டும் கூழாங்கல் போட்டுவை, குஞ்சு உள்ளே விழுந்து மூழ்காமல் இருக்கும்.

இனி நீ கேட்காத விஷயம், ஆனால் நம் ஊரில் இதுதான் முக்கியம். மழை. மற்ற கோழியின் தூவலில் இழையோடு இழை கொக்கிபோட்டுக் கோத்திருக்கும், அதனால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். சில்க்கியின் தூவலில் அந்தக் கொக்கி கிடையாது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நிற்பதால்தான் அந்த மென்மை, அதனால்தான் பறக்கவும் முடியாது, ஒரு மழை பட்டால் தோல்வரை நனைந்தும்விடும். குஞ்சோ பெரிசோ, நனைந்து குளிரில் நின்றால் சளி பிடித்து ஓரிரு நாளில் தலை சாய்ந்துவிடும். ஆகவே கூட்டை ரப்பர் நிழலில் வைக்காதே, அங்கே தரை காய்வதே இல்லை. வீட்டுக்குக் கிழக்கே காலை வெயில் விழும் இடத்தில், தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டு. ஏறுவதற்குச் சாய்வாக ஒரு பலகை போடு, இவை உயரத்தில் தாவி அடையாது, மூலையில் கும்பலாகப் படுத்துத்தான் தூங்கும். அடியில் மில்லிலிருந்து மரத்தூள் வாங்கிப் போட்டு, ஈரம் தெரிந்தால் உடனே மாற்று. காலிலும் தூவல் இருப்பதால் சேறு ஒட்டிக் கட்டியாகும். வலை கண் சின்னதாக இருக்கட்டும், உன் வீட்டுப் பக்கம் கீரியும் மரப்பட்டியும் ராத்திரி வராத நாள் இல்லை. நனைந்துவிட்டால் துண்டால் துடைத்து ஹேர் டிரையரை மிதமாக வைத்து உலர்த்து. அந்த வேலையை மகளிடம் விடு, அவளுக்குப் பிடிக்கும்.

அப்புறம், நாட்டுச் சேவலோடு ஒரே கூட்டில் விடாதே. சில்க்கிக்குக் கொண்டைத் தூவலுக்கடியில் மண்டையோடு பெரும்பாலும் முழுதாக மூடாமல் இருக்கும், அங்கே பலமாக ஒரு கொத்து விழுந்தால் மூளைக்கே போய்விடும். கண்ணை மறைக்கும் தூவலையும் அவ்வப்போது கத்தரித்துவிடு. பருந்து மேலே வந்தாலும் பாவம் அவற்றுக்குத் தெரியாது.

வாங்கும்போது அசல்தானா என்று பார். காலில் ஐந்து விரல் இருக்கும், மற்ற கோழிக்குப் பெரும்பாலும் நாலுதான். தோல் கருநீலம், காதுமடல் நீலப்பச்சை. பல் பல்லாக நிமிர்ந்த செக்கச்சிவந்த கொண்டைப்பூ இருந்தால் அது கலப்பு. சின்னக் குஞ்சைக் காட்டி 'ஜோடி' என்று விற்பார்கள், நம்பாதே. ஐந்தாறு மாதம் ஆகாமல் இதில் சேவலா பெட்டையா என்று சொல்வது கஷ்டம். அதற்குப் பிறகு பார்த்தால் பெட்டையின் தலைத் தூவல் உருண்டையாக நிற்கும், சேவலுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும். வாங்கியதும் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிடு. பிப்ரவரியில் கோழிக்கழிச்சலுக்கு இரண்டு வார இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவார்கள், அதைத் தவறவிடாதே. குஞ்சுகளுக்கு முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு விட வேண்டும்.

கறி கறுப்பு, எலும்பும் கறுப்பு என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் 'கருங்கோழியா, மருந்தாச்சே' என்று வந்து நிற்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா கோழி, 2018-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இது சீனத்திலிருந்து வந்த வேறு இனம். அங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதில் சூப் வைப்பது வழக்கம்தான். ஆனால் பெயர் வைத்து மடியில் தூக்கி வளர்த்ததைச் சட்டியில் போட உன் வீட்டில் யாருக்கும் மனசு வராது, அந்தக் கணக்கையே போடாதே. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவில் இருந்த மார்க்கோ போலோ, அங்கே பூனைக்கு உள்ளது போன்ற ரோமத்தோடு கறுப்புக் கோழிகள் உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறார். அதே ஆள் நம் குமரியைப் பற்றியும் சொல்கிறார், கடலுக்குள் கொஞ்ச தூரம் போனால் துருவ நட்சத்திரம் ஒரு முழ உயரத்தில் தெரியும் என்று. மகளுக்குச் சொல்லிக்கொடு, பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்ளட்டும்.

கடைசியாக என் யோசனை. அசல் சில்க்கி இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் மகளுக்கு வாங்கு, போதும். குஞ்சு பொரிக்கும் வேலைக்குக் கலப்புப் பெட்டையை வை. சில்க்கிச் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கிறவற்றுக்குச் சாதாரணத் தூவல்தான் வரும், ஏனென்றால் அந்தப் பட்டு ரோமம் தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஆக மழை தாங்கும். உடம்பும் கொஞ்சம் பெரிது, முட்டை கூடுதலாகக் கொள்ளும். அடைப் பிடிவாதம் மட்டும் அப்பனைப் பெற்றவள் வழியில் அப்படியே வந்திருக்கிறது, என்னிடம் இருப்பவற்றைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதில் இரண்டை உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மைனியிடம் கூட்டுக்கு இடம் கேட்டுவிட்டு அளவை அனுப்பு, தச்சனிடம் நான் பேசுகிறேன். வரும்போது அங்கிருந்து வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று கொண்டுவா, என்னுடையது பழுதாகிவிட்டது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்