மணி குற்றவாளி அல்ல

அன்புள்ள ராமலிங்கத்துக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் இருந்ததற்கு, இம்முறை என் சோம்பல் காரணமில்லை. கார்த்திகையில் செண்பகம் பிழைப்பாளோ மாட்டாளோ என்ற நிலைக்குப் போய் மீண்டாள். இப்போது என்னை அதட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள், கவலைப்படாதே.

ஏரிக்கரையில் மாட்டுக்குப் புல் அறுத்து வந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல் கண்டது. உள்ளூர் மருத்துவர் ஊசி போட்டார்; டெங்கு இல்லை என்று முடிவு வந்ததும் நாங்களும் அசட்டையாக இருந்துவிட்டோம். ஏழாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே சுந்தரேசன் மகள் வயதுள்ள ஒரு மருத்துவர், திரையை இழுத்துவிட்டு, அக்குள், தொடையிடுக்கு என்று ஓரிடம் விடாமல் தேடி, பாவாடை நாடா அழுந்தும் இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். வலியோ அரிப்போ இல்லாததால், நாடா உரசிய புண் என்று செண்பகம் அதை யாரிடமும் சொல்லவே இல்லை. அன்றே டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

‘உண்ணிக் காய்ச்சல்’ என்று கேள்விப்பட்டதும் என் மைத்துனன் செய்த முதல் காரியம், மணியை இழுத்துப்போய்த் தோப்பில் கட்டியதுதான். பாவம், அந்த நாய்க்கும் இந்த நோய்க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் இந்தக் காய்ச்சலைத் தருவது, புதர்களில் எலிகளை நம்பி வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அது, இரத்தம் குடிப்பதில்லை. தோலைக் கரைத்து அந்தச் சாற்றை உறிஞ்சும்போது கிருமியை உள்ளே விட்டுவிடுகிறது. தாய் முட்டை வழியாகவே கிருமியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடுவதால், எலியைக் கொன்றால் மட்டும் தீராது. நாய் உண்ணியால் வருவது வேறொரு காய்ச்சல். அந்த உண்ணியைப் பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. பெனிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடுவதே இல்லை. தொடக்கத்திலேயே கொடுத்தால் கேட்கும் மலிவான மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் இருக்க, முதல் வாரத்தை வீணாக்கினோம். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசின் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியையும் சேர்த்து இரத்தக்குழாய் வழியே செலுத்துவது, தனித்தனியே கொடுப்பதைவிட நல்லது என்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியாகியிருக்கிறது. அந்த நிலைக்குப் போகாமலிருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து காற்று வாங்குவதாக நீ பெருமையாக எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. மழைக்குப் பிந்திய இந்தக் குளிர் மாதங்கள்தான் நம் பக்கத்தில் இதற்குப் பருவம், தடுப்பூசியும் கிடையாது. முழுக்கால் சட்டை போட்டுக்கொள். புல்லில் பாய் விரிக்காமல் உட்காராதே. துவைத்த துணியைப் புதர்மேல் உலர்த்தாதே. வீடு திரும்பியதும் உடையை மாற்றிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளி. காய்ச்சல் வந்தால், தோட்டத்தில் புழங்குகிறவன் என்பதை மருத்துவரிடம் நீயாகவே சொல். வெட்கப்படாமல் உடம்பைக் காட்டு. ஆனால் பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை, ஆகவே அது இல்லை என்றும் அலட்சியமாக இருந்துவிடாதே.

நேற்று மணியை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். மைத்துனன் இன்னும் அதைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறான். பொங்கலுக்கு வா, கிணற்றடிப் புதரை வெட்டியாயிற்று.

அன்புடன்,
கதிரேசன்