சொல்லிக்கொடுக்கவும் சேர்த்துத்தான் அந்த உதவித்தொகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய நாட்டுப்புறத் தந்தி வாத்திய இசையைக் கற்கவும் கற்பிக்கவும் கறுப்பினக் கலைஞர்களுக்கென்று தனி உதவித்தொகை தருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘இசையில் எதற்கு இனப் பாகுபாடு?’ என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். ஆனால் அந்தப் பாகுபாடு இந்த உதவித்தொகையால் வந்ததல்ல.

சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தித் தந்தி கட்டிய வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பல உண்டு. செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்கள் இன்றும் வாசிக்கும் அகோண்டிங் அவற்றில் ஒன்று. அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோகப்பட்டவர்கள் அந்த மரபிலிருந்து உருவாக்கியதுதான் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம். ஊர் நடனங்களுக்கு ஃபிடில் (வயலினுக்கு அங்கே நாட்டுப்புறப் பெயர்) வாசித்தவர்களிலும் அவர்கள் நிறையப் பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைகளுக்கு இதே பான்ஜோவை எடுத்துப் போனார்கள். அப்புறம் 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கு ஒரு பட்டியல், வெள்ளையர்களுக்கு ‘ஹில்பில்லி’ (மலைநாட்டுப் பட்டிக்காட்டார்) என்று இன்னொரு பட்டியல் போட்டு விற்றன. ஃபிடில் வாசித்த கறுப்பருக்கு இரண்டிலும் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது.

வட கரோலினாவில் மெபேன் என்ற ஊரில் ஜோ தாம்சன் என்ற ஃபிடில்காரர் இருந்தார். அப்பாவிடமிருந்து வந்த வித்தை. கூடவே பான்ஜோ வாசித்த உறவினர் ஓடெல் 1994-இல் இறந்துவிட்டார். 2005-இல் பூன் நகரில் கறுப்பின பான்ஜோ கலைஞர்கள் கூடியபோது அறிமுகமான ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற இளம் கறுப்பினக் கலைஞர்கள் மூவரும் வியாழன்தோறும் ஜோ வீட்டுக்குப் போய்ப் பாடம் கேட்டார்கள். அப்போது அவருக்கு வயது 86. அந்த மூவரின் குழுவான கரோலினா சாக்லேட் டிராப்ஸ் 2011-இல் கிராமி விருது வாங்கியது. மறு வருடம் ஜோ காலமானார். எவ்வளவு குறுகிய அவகாசம் பாருங்கள்!

இது கேட்டுக் கேட்டுக் கைக்கு வரும் இசை. சிறு வயதில் வயலின் கற்றவள் என்பதால் துணிந்து சொல்கிறேன்: வில் எந்த இடத்தில் அழுந்துகிறது என்பது பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிடிபடும். உட்கார நேரம் வேண்டும், வாத்தியம் வேண்டும், பஸ் காசு வேண்டும். சொல்லிக்கொடுப்பவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. அதனால்தான் கற்பதற்கு மட்டுமல்லாமல் கற்பிக்கவும் பணம் தருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஏற்பாடுதான். கற்ற ஒருவர் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால், இன்னொரு 86 வயதுக்காரரைத் தேடி ஓட வேண்டியிருக்காது.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த பான்ஜோ படத்தின் கீழே ‘வெள்ளைக் குடியானவர்களின் வாத்தியம்’ என்று போட்டிருந்தீர்கள். அடுத்த இதழில் அதைத் திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி