எரிச்சல் நின்றுபோன கால்

கல்லிடைக்குறிச்சி
மார்கழி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மும்பைக்குப் போய் இத்தனை வருடமாகியும் உன் கையெழுத்து திருந்தவில்லை. 'குதிகால்' என்று நீ எழுதியதைக் 'குதிரை' என்று படித்துவிட்டு, தாராவியில் உனக்கு எதற்குக் குதிரை என்று சிறிது நேரம் திகைத்துப் போனேன்.

இங்கே எல்லோரும் நலம். பிசான நெல் பச்சைப் பிடித்து நிற்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீருக்குக் குறைவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைக் கண்டாலே மிரண்டுகொண்டிருந்த என் வீட்டுக்காரி இப்போதுதான் மறுபடியும் படித்துறையில் இறங்கிக் குளிக்கிறாள். சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம். அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்றது தெருவில் யாருக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தவன் வீட்டிலும் கட்டுவான் என்று காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். நடவு, களை என்று வயலில் இறங்கியவர்களுக்கெல்லாம் சேற்றுப்புண். விரலிடுக்கைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பூஞ்சைக்கான களிம்பைப் போடு, அரிப்பு நின்ற பிறகும் சில நாள் விடாமல் போடு என்று சொல்லி அனுப்புகிறேன். அரிப்பு நின்ற அன்றைக்கே களிம்பை எறிந்துவிட்டு அடுத்த மாதம் திரும்பி வருகிறார்கள். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, கால் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் வந்துவிட்டால் மட்டும் திண்ணையில் உட்கார விடுவதில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத்தான்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். குதிகால் வலியைப் பற்றி இரண்டு பக்கம். தங்கச்சியின் கணுக்கால் பிசகியதைப் பற்றி அரைப் பக்கம். கடைசியில், போகிற போக்கில், "வருடக்கணக்காக இருந்த பாத எரிச்சல் தானாகவே நின்றுவிட்டது, முருகன் அருள்" என்று ஒரே ஒரு வரி. அந்த நன்றிக்காகத் தைப்பூசத்துக்கு வெறுங்காலில் திருச்செந்தூர் நடக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டு பக்கம் எழுத வேண்டியது அந்த ஒற்றை வரியைப் பற்றித்தான், மாப்பிள்ளை. ஆனாலும் நீ கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன். இல்லாவிட்டால் குதிகாலை மறந்துவிட்டேன் என்று மறுபடியும் எழுதுவாய்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது சுரீரென்று குத்துகிறது, நாலு எட்டு நடந்தால் குறைகிறது, நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்துகிறது என்கிறாய். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்துக்குக் கீழே ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. அது எலும்பைப் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோயிருக்கிறது. இரவு முழுக்கச் சுருங்கிக் கிடந்ததைக் காலையில் திடீரென்று இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்த எலும்பு முள் குதிகால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது. அதை வெட்டி எடுக்கச் சொன்னால் வேறொரு மருத்துவரையும் கேள். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஒரு வருடம் வரை இழுக்கும்.

படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே கால்விரல்களைக் கையால் உன் பக்கமாக வளைத்துப் பத்து எண்ணும் வரை பிடி. பத்துத் தடவை செய். பகலில் சுவரில் கையூன்றி நின்று, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய்ந்து முப்பது எண்ணு. உன் வீட்டில் டைல்ஸ் தரை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடு. தண்ணீர் பாட்டிலை உறையவைத்துப் பாதத்தின் அடியில் உருட்டச் சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் நீ செய்யாதே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, வீக்கமோ காய்ச்சலோ இருந்தாலோ, குதிகாலை இருபக்கமும் சேர்த்து அழுத்தினால் உயிர் போனாலோ அது இந்தச் சவ்வின் வேலையாக இல்லாமல் இருக்கலாம். எலும்பில் கீறலா என்று பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால், சர்க்கரை இருப்பதை முதலில் சொல். அந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும்.

தங்கச்சி விஷயம். படிக்கட்டில் கால் உள்பக்கமாக மடங்கி, வெளிக்கணு வீங்கி, கருநீலம் கட்டியிருக்கிறது என்றாய். அதற்குள் யாரையோ கூப்பிட்டு எண்ணெய் போட்டு உருவிவிட ஏற்பாடு செய்கிறாயாம். நம் ஊர்ப் புத்தி எங்கே போனாலும் போகாது! புதிதாக அடிபட்ட இடத்தை உருவினால் உள்ளே கசிகிற இரத்தம் இன்னும் கசியும். எலும்பு முறிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள் ஒத்தடச் சூடும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டி, கிரேப் பேண்டேஜ், படுக்கும்போது காலுக்கடியில் தலையணை, இவை போதும்.

எக்ஸ்ரே தேவையா என்று நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கனடாவில் ஒட்டாவா நகரத்து மருத்துவர்கள் 1992-இல் இதற்கென்றே ஒரு விதி வகுத்தார்கள். நொண்டிக்கொண்டாவது நான்கு அடி வைக்க முடிகிறதா என்று பார். பிறகு கணுவின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியையும் பின்னோரத்தையும் விரலால் அழுத்து. பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே ஒரு மேடு தட்டுப்படும், சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் இடம். அங்கேயும் உள்பக்க வளைவின் உச்சியிலும் அழுத்து. நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும், இந்த இடங்களில் எலும்பின் மேலேயே வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதம் கோணியிருந்தாலோ, மரத்துப் போனாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோ எந்த விதியும் பார்க்காமல் ஆட்டோவைக் கூப்பிடு. ஒன்றுமில்லை, வெறும் சுளுக்குதான் என்றால் மாதக்கணக்கில் படுக்கவைக்காதே. வலி தாங்குகிற அளவுக்குச் சீக்கிரமே நடக்க வேண்டும். பிறகு சுவரோரமாக ஒற்றைக்காலில் நிற்கப் பழக வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறது.

இந்த ஒட்டாவா விதி தங்கச்சிக்குப் பொருந்தும், உனக்குப் பொருந்தாது. வலியை வைத்து எலும்பைப் பார்க்கிற விதி அது. உன் காலில் வலி உண்மையைச் சொல்லும் என்று நான் நம்பவில்லை.

சர்க்கரை நன்றாகக் கட்டுக்குள் வந்தால் பாத எரிச்சல் குறைவது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.4 என்று அதே கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அவ்வளவு ஏறிக் கிடக்கும்போது எரிச்சல் நின்றது என்றால், நரம்பு குணமாகி நின்றதாக எனக்குத் தோன்றவில்லை. எரிச்சலைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்பே செத்துக்கொண்டிருக்கிறது. கட்டுக் கட்டும் அறையில் நான் அதிகம் பயந்தது அலறிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து அல்ல. "வலியே இல்லை சார், சும்மா ஒரு புண்" என்று சிரித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் வேறு எதற்கோ வந்தார். அறையில் நாற்றம் அடித்ததால் நானாகத்தான் ஷூவைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒரு சட்டைப் பொத்தான். அது பெருவிரலுக்குக் கீழே குழி தோண்டியிருந்தது. அவர் அதன் மேலேயே நாள்கணக்கில் நடந்திருக்கிறார். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. வயலுக்குப் போகிற ஒருவருக்கு உடைமுள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறி, முனை உள்ளேயே முறிந்து கிடந்தது. வீங்கிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. உனக்கு முள்ளோ ஆணியோ ஏறினால் டெட்டனஸ் ஊசியோடு நிறுத்திக்கொள்ளாதே. உள்ளே ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்.

இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் நம் பக்கத்து மனிதர்தான். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் கைகால்களைக் கவனித்தார். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். உணர்ச்சி போனதால், சுட்டதும் குத்தியதும் தெரியாமல் அவர்களே காயப்படுத்திக்கொள்வதால்தான் விரல்கள் போகின்றன என்று அவர் காட்டினார். வேலூரில் அந்த வேலையிலிருந்து வந்ததுதான் எம்சிஆர் செருப்பு, மெத்தென்ற நுண்துளை ரப்பரால் செய்தது. இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அதேதான். நீயும் அதைத்தான் வாங்க வேண்டும். மாலையில் போய் வாங்கு. கால் சற்று உப்பியிருக்கும் நேரத்தில் சரியாக இருந்தால் எப்போதும் சரியாக இருக்கும்.

இன்று இரவே ஒன்று செய். கண்ணை மூடிப் படுத்துக்கொள். தங்கச்சி உன் இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல் தடவாமல், ஒரு நொடி தொட்டு எடுக்கட்டும். தொட்டது தெரிந்ததும் நீ சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். இங்கிலாந்தில் இப்ஸ்விச் மருத்துவமனையில் வகுத்த சோதனை இது. கருவி எதுவும் வேண்டாம். ஆறும் தெரிந்தாலும் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். அவர் நைலான் இழையால் குத்திப் பார்ப்பார், பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பார். நாடி முக்கியம். பீடியை விட்டுவிட்டாயா என்பதைப் பற்றி உன் கடிதத்தில் மூச்சே இல்லை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறதா? இரத்த ஓட்டம் குறைந்ததற்கு அது அடையாளம். உணர்ச்சியும் இல்லாமல் இரத்தமும் போகாத காலில் ஒரு கொப்புளம் வந்தால்கூட ஆறாது.

வெந்நீரில் கால் வைக்காதே. வைத்தே ஆக வேண்டுமென்றால் முழங்கையால் சூடு பார். பனிக்கட்டி பாட்டில் வேண்டாம் என்றதும் இதனால்தான், குளிர் தோலைப் பொசுக்கினாலும் உனக்குத் தெரியாது. கால் ஆணியைப் பிளேடால் சீவாதே, அதற்கு விற்கிற பிளாஸ்திரியும் ஒட்டாதே, அதில் அமிலம் இருக்கிறது. ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் துழாவு. ராத்திரி படுக்குமுன் கண்ணாடி வைத்துப் பாதத்தின் அடியைப் பார். புண், கொப்புளம், நிறமாற்றம், கசிவு எது தென்பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், மறுநாளைத் தாண்டவிடாதே. விரல் கறுத்தாலும், காய்ச்சல் சேர்ந்தாலும் அந்த நேரமே கிளம்பு. இன்னொன்று பலரை ஏமாற்றிவிடுகிறது: புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும், வலி பெரிதாக இருக்காது. சுளுக்கு என்று விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தால் உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதமே உருமாறிவிடும். அப்படிக் கண்டால் அந்தக் காலை ஊன்றாமல் போய்க் காட்டு.

திருச்செந்தூர் நடையைப் பற்றி இனி நீ என்ன சொல்வாய் என்று தெரியும். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று தார்ச்சாலை. அந்த வழியில் கொப்புளத்தோடு உட்கார்ந்திருக்கும் பக்தர்களுக்கு வருடாவருடம் மருந்து போட்டவன் நான். வலி தெரிகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள், நீ உட்காரமாட்டாய். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிற ஊர் நம்முடையது. அடுத்த வருடம் பார்த்தால் அது தேய்ந்திருக்கும் என்பார்கள். சாமியே செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற சீமையில் உனக்கு மட்டும் என்ன வெறுங்கால் பிடிவாதம்? தைப்பூசத்துக்கு வா, திருநெல்வேலியிலிருந்து ரயிலில் போவோம். மருத்துவர் காலைப் பார்த்துச் சரியென்று சொன்னால் கடைசி இரண்டு கிலோமீட்டர் எம்சிஆர் செருப்போடு உன்னுடன் நானும் நடக்கிறேன். ஊருக்கு வந்தபிறகு காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. அங்கேயே இந்த வாரமே காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுது. கையெழுத்தைக் கொஞ்சம் பார்த்து எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி

பி.கு.: அத்தைக்கு மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்குவதாக எழுதியிருந்தாய், பதில் சொல்ல விட்டுப்போனது. பிரஷர் மாத்திரை அட்டையைப் பார். அம்லோடிபின் என்றிருந்தால் அதுவே வீக்கத்தைக் கொண்டுவரலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். அவரே இருதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுவார். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். அதோடு மூச்சும் வாங்கினால் 108-ஐக் கூப்பிட்டுவிடு.