மார்லிக்குப் பின்னால் நின்றவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. விரல் மூட்டு வலி தணிந்து மறுபடியும் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். பேத்திக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாயாமே, ரொம்ப நல்லது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளைக்குப் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் காதுக்குத்தான் வேலை. மகள் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாள். காலையில் போட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதுதான் கழற்றுகிறேன்.

"பாப் மார்லி பாட்டுல பேஸ் வாசிக்கிறது யாரு தாத்தா?" என்று பேத்தி கேட்டதாகவும், உனக்குப் பெயர் நினைவுக்கு வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். எவ்வளவு சரியான கேள்வி! அந்த ஜமைக்கா ரெகே பாடகருக்குப் பின்னால் பேஸ் வாசித்தவர் பெயர் ஆஸ்டன் பாரெட். இசைக்காரர்கள் மத்தியில் 'ஃபேமிலி மேன்'. 2024 பிப்ரவரி 3 அன்று மயாமியில் 77 வயதில் காலமானார். நீண்ட நாள் உடல்நலமில்லாமல் இருந்தார். இந்த ஓய்வு நாட்களில் அவர் வாசித்ததையெல்லாம் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

1946 நவம்பரில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். காசு கொடுத்து கிட்டார் வாங்கும் குடும்பம் இல்லை. வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டே தன் முதல் பேஸைத் தானே செய்துகொண்டார். பிளைவுட்டில் உடம்பு, ஒரு மரச்சட்டம் கழுத்து, திரைச்சீலைக் கம்பி தந்தி. தம்பி கார்ல்டன் காலி பெயின்ட் டின்களை அடுக்கி டிரம்ஸ் ஆக்கிக்கொண்டான். இந்த இரண்டு பையன்களும் சேர்ந்து வாசித்துப் பழகியதுதான் பிற்பாடு உலகம் முழுக்க ரெகே என்று கேட்ட ஒலிக்கு அஸ்திவாரம். 'ஃபேமிலி மேன்' என்ற பெயரையும் குழந்தைகள் பிறப்பதற்கு முன்பே அவராகவே வைத்துக்கொண்டார் என்பார்கள். குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம், அதற்குப் பொறுப்பு தான் என்ற எண்ணம்.

அறுபதுகளின் கடைசியில் 'ஹிப்பி பாய்ஸ்' என்ற குழு. அப்புறம் லீ பெர்ரி என்ற தயாரிப்பாளரிடம் ஸ்டுடியோ வாசிப்பு. பாப் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் மூவரும் பெர்ரியிடம் பாட வந்தபோது பின்னால் வாசித்தவர்கள் இந்த அண்ணன் தம்பிதான். கொஞ்ச காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் பெர்ரியை விட்டு, அந்த மூவரின் குழுவான வெய்லர்ஸ் பக்கமே போய்விட்டார்கள். 1974-ல் டோஷும் பன்னியும் விலகிய பிறகு, மார்லி ஒருவர் பெயரே முன்னால் நின்றது. பின்னால் குழுவைக் கட்டி நடத்தியவர், யார் என்ன வாசிக்க வேண்டும் என்று சொன்னவர், ஃபேமிலி மேன்.

இப்போது வாசிப்புக்கு வருகிறேன். நீ பேஸ் வாசிக்கிறவன், உனக்குச் சொன்னால் உடனே பிடிபடும். கார்ல்டனின் தாளத்துக்கு 'ஒன் டிராப்' என்று பெயர். நான்கு எண்ணிக்கையில் முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டுவிட்டு, மூன்றாவதில் கிக் டிரம்மும் ஸ்னேர் டிரம்மும் சேர்ந்து விழும். கிட்டாரும் கீபோர்டும் இரண்டிலும் நான்கிலும் 'சக், சக்' என்று வெட்டும். நாம் ஆர்க்கெஸ்ட்ராவில் பழகியதற்கு நேர் எதிர். நமக்கு முதல் எண்ணிக்கையில் பேஸ் விழவில்லை என்றால் பாடகர் திரும்பி முறைப்பார். அங்கே அந்த இடம்தான் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சுற்றி ஃபேமிலி மேன் ஒரு தனி மெட்டையே கட்டுவார். பேஸ் வாசிக்கும்போது, பாரிடோன் என்ற கனத்த ஆண் குரலில் பாடுவதாகவே என்னை நினைத்துக்கொள்வேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். டிரம்ஸ் இதயத் துடிப்பு, பேஸ் முதுகெலும்பு, முதுகெலும்பு சரியில்லை என்றால் பாட்டே முடமாகிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான்.

'ஸ்டிர் இட் அப்' பாட்டை எடுத்துக்கொள். மார்லியின் குரலை மனதிலிருந்து நீக்கிவிட்டு, பேஸை மட்டும் முணுமுணுத்துப் பார். கேட்கிறவர்களுக்கு என்ன பாட்டு என்று உடனே தெரிந்துவிடும். மெட்டு இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒன்று மேலே, ஒன்று கீழே. 'எக்ஸோடஸ்' ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. கிட்டத்தட்ட ஒரே கார்டு, அதாவது ஒரே சுரக்கூட்டு. சலிப்பே தட்டாமல் அதை இழுத்துக்கொண்டு போவது அண்ணன் தம்பியின் பேஸும் டிரம்ஸும்தான். 'நோ உமன் நோ க்ரை' பாட்டில் நமக்கெல்லாம் பழக்கமானது 1975-ல் லண்டன் கச்சேரியில் பதிவானது. அதற்கு முந்தைய வருஷத்து ஸ்டுடியோ பதிவில் டிரம் மெஷின் சத்தம் கேட்கும். அந்தக் காலத்தில் ரெகேயில் அது புதுசு. ஆனால் பேஸ் அதே நிதானத்தில் அதே பாதையில்தான் போகும்.

அப்புறம் இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும், இதைக் கேட்டபோது எனக்கு மனசு ஆறவே இல்லை. 1969-ல் 'லிக்விடேட்டர்' என்று ஒரு ஆர்கன் இசைத்தட்டு வந்து இங்கிலாந்தில் முதல் பத்து இடங்களுக்குள் ஏறியது. பேஸ் நம்மவர். அதன் தொடக்கத்தை அப்படியே எடுத்து, 1972-ல் அமெரிக்காவில் ஸ்டேபிள் சிங்கர்ஸ் 'ஐ'ல் டேக் யூ தேர்' பாடினார்கள். அது அமெரிக்காவில் முதலிடத்துக்கே போனது. எழுதியவர் என்று அந்தத் தட்டில் இருந்தது அமெரிக்கத் தயாரிப்பாளரின் பெயர் மட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேள், நான் சொல்வது விளங்கும். ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடியது அற்புதமான பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

ஜமைக்காவில் 'ரிடிம்' என்பார்கள். ஒரே பேஸ், ஒரே டிரம்ஸ் பதிவின் மேல் பல பாடகர்கள் வெவ்வேறு பாட்டுப் பாடுவார்கள். சொல் மாறும், மெட்டு மாறும், பாடுகிறவர் மாறுவார். மாறாமல் இருப்பது பேஸ் ஒன்றுதான். அந்த ஊரில் பாட்டின் அடையாளமே அது. ஆனால் அதை உருவாக்கியவனுக்குக் கிடைத்தது ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று அன்றைக்குக் கையில் கொடுத்த கூலி. எழுத்தும் மேல் மெட்டும்தான் படைப்பு, மற்றதெல்லாம் வாசிப்பு என்று வெளிநாட்டுப் பதிப்புரிமைப் பழக்கம் வைத்திருந்த கணக்கை, அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத இசைமீது வைத்தார்கள். என் மனசில் இருக்கும் ஆதங்கம் இதுதான்.

மார்லியின் தட்டுகளில் எழுதியவர் பெயர் என்பதும் ஒரு சிக்கலான கதை. பழைய பதிப்பக ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க, சில பாட்டுகளை நண்பர்கள் பெயரில் போட்டார் என்று பரவலாகச் சொல்வார்கள். 'நோ உமன் நோ க்ரை' வின்சென்ட் ஃபோர்டு பெயரில் இருக்கிறது. கிங்ஸ்டனின் டிரெஞ்ச்டவுன் பகுதியில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மனிதர். 'ஹூ த கேப் ஃபிட்' பாரெட் சகோதரர்கள் பெயரில். 'வார்' பாட்டு ஆலன் கோலும் கார்ல்டனும் எழுதியதாக இருக்கிறது, வரிகள் 1963-ல் ஐ.நா. சபையில் எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி பேசியவை.

1981 மே 11 அன்று மார்லி 36 வயதில் இறந்தார். உயில் எழுதவில்லை. அவர் ராஸ்தஃபாரி என்ற ஜமைக்கா மதத்தைச் சேர்ந்தவர், சாவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது அந்த நம்பிக்கைக்கு ஒத்துவராது. அந்த ஒரு வெற்றிடத்திலிருந்து எத்தனை வருஷ வழக்குகள்! 1984-ல் வந்த மார்லி பாட்டுகளின் 'லெஜண்ட்' தொகுப்பு இரண்டு கோடிக்கும் மேல் விற்றது. அதில் எத்தனையோ பாட்டில் ஒலிப்பது ஃபேமிலி மேனின் விரல்கள். 1987 ஏப்ரலில் கார்ல்டன் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் செப்டம்பரில் பீட்டர் டோஷும். தாளமும் போய், தோழனும் போய், இவர் வெய்லர்ஸ் குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்.

2006-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில், தனக்கும் தம்பிக்கும் வர வேண்டிய ராயல்டி என்று இசைத்தட்டு நிறுவனத்தின் மீதும் மார்லி குடும்பத்தின் மீதும் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 6 கோடி பவுண்டு என்று செய்தி. தோற்றார். 1994-ல் சில லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு இனி உரிமை கேட்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார், அதைத் தாண்டி வர முடியாது என்பது நீதிபதியின் முடிவு. காகிதத்தின்படி அது சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன். மார்லியின் குடும்பத்தையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதையும் பார்: அதே வருஷம், அதே நீதிமன்றத்தில் இன்னொரு வாத்தியக்காரர் ஜெயித்தார். 1967-ல் வந்த 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் ஆர்கன் பகுதியை வாசித்த மேத்யூ ஃபிஷர், அந்தப் பாட்டின் படைப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது. ஆக, ஒரு வாத்தியப் பகுதியும் படைப்புதான் என்று சட்டத்தால் பார்க்க முடிந்திருக்கிறது. ஃபேமிலி மேனுக்கு அந்தக் கதவு 1994-லேயே மூடிவிட்டது. பணம் தேவைப்படும் நேரத்தில் நீட்டப்படும் காகிதத்தில் கையெழுத்துப் போடாத இசைக்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள், நீயே சொல்.

கசப்பை மட்டும் எழுதினால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. பேஸில் அவர் கை பிடித்துக் கற்றவர் ராபி ஷேக்ஸ்பியர். டிரம்ஸ் வாசித்த ஸ்லை டன்பரோடு சேர்ந்து ரெகேயின் அடுத்த பல வருஷங்களைத் தாங்கியவர். குருவும் சிஷ்யரும் பர்னிங் ஸ்பியர் என்ற ரெகே பாடகரின் 1975 தட்டு 'மார்கஸ் கார்வி'யில் இருவருமே வாசித்திருக்கிறார்கள். குரலையும் கிட்டாரையும் கழற்றிவிட்டு பேஸையும் டிரம்ஸையும் முன்னால் நிறுத்தும் 'டப்' இசை வளர்ந்ததே இவர்களைப் போன்ற கைகளை நம்பித்தான். ஜமைக்கா அரசு 2021-ல் அவருக்கு 'ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்' விருது கொடுத்தது. தாமதம்தான், ஆனாலும் உயிரோடு இருக்கும்போது கொடுத்தார்களே. வெய்லர்ஸ் குழுவை இப்போது நடத்துவது அவர் மகன் ஆஸ்டன் பாரெட் ஜூனியர். மார்லி பற்றிய 2024 திரைப்படத்தில் தன் அப்பாவாக நடித்ததும் அவரே. அப்பா இறந்த 11-ஆம் நாள் படம் வெளியானது.

சரி, பேத்திக்கு வருகிறேன். 'ஸ்டிர் இட் அப்' முதலில் வேண்டாம். எளிதாகத் தெரியும், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது பிடிபட நாளாகும். 'லிக்விடேட்டர்' தொடக்கத்தைக் கொடு. அது கையில் வந்ததும் 'எக்ஸோடஸ்'. முதலில் ஐந்து நிமிடம் தாளம் தப்பாமல் வாசிக்கட்டும். முதல் எண்ணிக்கையில் நோட் போடாமல் இருக்க அவள் காலை மட்டும் தட்டச் சொல். நம்மால் அந்தப் பழக்கத்தை விட முடியாது, அவளுக்கு இப்போதே வந்துவிடும். தந்தி எது போட்டிருக்கிறாய் என்று எழுதவில்லையே. புதுத் தந்தி என்றால் சத்தம் கணீரென்று வரும், இந்தப் பாட்டுகளுக்கு ஒத்துவராது. பழையது ஒரு செட் உன்னிடம் இருந்தால் அதையே போடு, டோன் குமிழையும் முழுக்கக் குறைத்துவிடு.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். தைக்கு அப்புறம் உன் ஊர்ப் பக்கம் வர உத்தேசம், கண் டாக்டர் சரி என்று சொல்ல வேண்டும். பேத்தி எதை முதலில் வாசித்தாள் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய கீபோர்டுக்காரன்